கேட்காமல் எதையும் செய்யாதவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் வழியில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு வடக்கே ஆரிகன் பக்கம் போய்விட்டார். பழைய நம்பர் வேலை செய்வதில்லை. கேட்காமல் எழுதியது தெரிந்தால் கோபப்படமாட்டார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலு திட்டு வாங்கிக்கொள்வதே மேல் என்று.

அமெரிக்காவில், லிவர்மோர் என்ற ஊரில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருந்தார். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'விட்ச் ஆன்ட்டி'. முதுகுக்குப் பின்னால் சொல்லத்தான் வைத்தார்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் மெதுவாகப் பேச நம் ஆட்களுக்கு எங்கே தெரியும்? ஒருநாள் என்னிடமே கேட்டுவிட்டார்.

"எனக்கு விட்ச் ஆன்ட்டின்னு பேர் வெச்சிருக்கீங்களாமே?"

நான் அசடு வழிந்தேன்.

"பேர்ல ஒண்ணும் தப்பில்ல. நான் விட்ச்தானே. சூனியக்காரின்னு தமிழ்லயே சொன்னாலும் சரிதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கிண்டலுக்கு வைத்த பெயராக இருந்தாலும் அது உண்மைதான். பெரம்பூரில் பிறந்து, கல்யாணமாகி அமெரிக்கா வந்து, அந்தக் கல்யாணம் முடிந்துபோன பிறகு, கூட வேலை பார்த்த ஒரு அமெரிக்கப் பெண்மணி மூலமாக இந்த விட்ச் வழிபாட்டுக்குள் போனவர். இங்கே இது ஒரு சமயம் மாதிரி. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்த குழு. அதைச் 'சர்க்கிள்' என்பார்கள். வருடத்துக்கு எட்டுப் பண்டிகை. பகலும் இரவும் சமமாகும் நாள், பகல் மிக நீளமான நாள், இறந்தவர்களை நினைக்கும் நாள் என்று பூமியையும் சூரியனையும் வைத்து வருபவை. யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூடி, உப்பால் ஒரு வட்டம் போட்டு, நான்கு திசைகளையும் அழைத்து, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி எதையோ சொல்வார்கள். முடிந்ததும் வந்த திசைகளுக்கு நன்றி சொல்லி வழியனுப்பிவிட்டு, ஆளுக்கொரு டப்பாவில் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து ஒருமுறை பார்த்திருக்கிறேன். பயப்படும்படி அதில் ஒன்றும் இல்லை. வட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொருவரையும் இவர் நிறுத்தி ஏதோ கேட்டதும், அவர்கள் தலையசைத்த பிறகே வழிவிட்டதும் மட்டும் மனதில் நின்றது. பின்னால் விசாரித்தேன். "உங்க சொந்த இஷ்டத்துலதான் வந்திருக்கீங்களா" என்பதுதான் கேள்வியாம். பதினைந்து வருடமாக வருகிறவரிடமும் ஒவ்வொரு தடவையும் கேட்பாராம்.

அவரை முதலில் நான் பார்த்தது மந்திரவாதியாக அல்ல. க்ளினிக்கில் ரத்தம் எடுக்கிறவராகத்தான். கொலஸ்ட்ரால் பார்க்க வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்திருந்தேன். சீட்டில் இருந்த என் பெயரைப் பார்த்து, "தமிழா?" என்றார். அப்புறம், "எந்தக் கை?" என்றார்.

"எதுவா இருந்தா என்ன?"

"இல்ல, நீங்க சொல்லுங்க."

"இடது."

"தொடலாமா?"

"ம்."

"ஊசி போடலாமா?"

"அதுக்குத்தானேங்க வந்திருக்கேன்."

"வந்திருக்கீங்க. போடலாமா?"

போடுங்க என்று நான் வாயைத் திறந்து சொல்லும்வரை ஊசியைக் கையிலேயே வைத்திருந்தார். பசி வேறு. இந்தம்மாவுக்குக் கொஞ்சம் கழண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் காரை எடுத்தேன். மறுவாரம் அவர் எங்கள் தெருவில் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தபோதுதான் நாலு வீடு தள்ளி இருப்பவர் என்று தெரிந்தது.

எங்கள் கறிவேப்பிலைச் செடி ஒரு குளிர்காலத்தில் செத்துப்போனது. அவருடையது பெரிய தொட்டியில், நவம்பர் வந்தால் கராஜுக்குள் போய், மார்ச்சில் வெளியே வந்து, ஆள் உயரம் நின்றது. கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார். ஆனால் செடி முன்னால் போய் நின்று, கண்ணை மூடி, அரை நிமிடம் சும்மா இருப்பார். அதன் பிறகுதான் ஒடிப்பார்.

"செடி என்ன சொல்லுது ஆன்ட்டி?" என்று சீண்டினேன்.

"இன்னிக்கு ரெண்டு இணுக்கு போதுமாம்."

ரெண்டு இணுக்குதான் கொடுத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பதினைந்து பேருக்குச் சமையல். என் மனைவி என்னைத்தான் முறைத்தாள். நம்மூரில் மூலிகை பறிக்கிறவர்களும் செடிக்கு மஞ்சள் நூல் காப்புக் கட்டி, உத்தரவு வாங்கிய பிறகுதான் வேரைத் தொடுவார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது. அவரிடம் சொன்னபோது, "தெரியும். பெரம்பூர்ல இருந்தவரைக்கும் அது என் கண்ணுல படல" என்றார்.

கோவிலுக்கும் வருவார். விட்ச் எப்படிக் கோவிலுக்கு வரலாம் என்று ஒரு கட்சி பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கட்சியில் இருந்த ஒரு மாமி, அவருக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று அவர் பெயருக்கு அர்ச்சனை செய்து, தேங்காய் மூடியோடு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு நல்ல மனசு மாமி. ஆனா என் பேரை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். மாமி அதைப் பத்து வீட்டில் சொல்லி ஆற்றிக்கொண்டார். "சாமிகிட்ட வேண்டிக்கறதுக்குப் பர்மிஷனா? ஊர்ல இல்லாத அதிசயமா இருக்கே!" எனக்கும் அப்போது அது அதிசயமாகத்தான் இருந்தது.

வெளியே இப்படிப் பேசியவர்கள் தனியாக அவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் இல்லை. கிரீன் கார்டு இழுத்துக்கொண்டே போகிறது, பெண்ணுக்கு வரன் அமையவில்லை, மேனேஜர் படுத்துகிறான் என்று வந்தார்கள். ஒருநாள் கறிவேப்பிலைக்காக நான் போயிருந்தபோது, சான் ரமோனிலிருந்து ட்ரைவ் பண்ணி வந்த ஒரு அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார். மகன் ஒரு வேற்று இனத்துப் பெண்ணோடு சேர்ந்து இருக்கிறானாம். பிரிக்க வேண்டும். நான் எழுந்து போகப் பார்த்தேன். அந்த அம்மா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, அவ்வளவு வேகம்.

"பையன்கிட்ட கேட்டீங்களா?" என்றார் இவர்.

"என்ன கேக்கறது?"

"பிரிச்சு விடட்டுமான்னு."

"அவன்கிட்ட கேட்டா அவன் எப்படிங்க ஒத்துக்குவான்?"

"அப்ப வேணாம்மா."

"சரி, கெடுதல் வேணாம். அவனுக்கு நல்ல புத்தி வரணும்னு பண்ணுங்க. அது நல்லதுதானே?"

"அதுக்கும் அவர்கிட்ட கேக்கணும்."

அந்த அம்மா போகும்போது, இது சரியான ஃப்ராடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். காசு வாங்காதவர் எப்படி ஃப்ராடு ஆவார் என்று கேட்க நினைத்தேன். வாசலிலிருந்து அந்த அம்மா காரை எடுத்த வேகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

'அவன்' என்று அந்த அம்மா சொன்ன பையனை இவர் 'அவர்' என்றதைக் கவனித்திருப்பீர்கள். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். என் ஆறு வயது மகளையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். எங்கள் வீட்டுக் கிருஹப்பிரவேசத்தில் இது ஒரு கூத்தாகவே முடிந்தது. பெரியவர்கள் எல்லோரும் குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போட வேண்டும் என்றார்கள். யாரோ விளையாட்டாக, "நம்ம விட்ச் ஆன்ட்டியே சுத்தட்டுமே, டபுள் பவர்" என்றார்கள். அவர் உப்பும் மிளகாயும் கையில் எடுத்துக்கொண்டு என் மகள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"இதை உங்க தலையைச் சுத்தி நெருப்புல போடலாமான்னு கேக்கறாங்க. யாராவது உங்களைப் பொறாமையாப் பார்த்திருந்தா போயிடும்னு ஒரு நம்பிக்கை. சுத்தலாமா?"

என் மகள் உப்பைப் பார்த்தாள், மிளகாயைப் பார்த்தாள். "நோ, தேங்க் யூ" என்றாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. எல்லாரும் சிரித்த பிறகு சுற்றிவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் எழுந்து உப்பைச் சமையலறையில் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சிரிப்பு நின்றுபோனது. அன்று சாயங்காலமே குழந்தைக்கு ஜலதோஷம் பிடித்தது. என் மனைவி ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று நானும் சேர்ந்துகொண்டு கத்தினேன். இப்போது பதின்மூன்று வயதாகிறது அவளுக்கு. சின்ன வயதில் நடந்த எத்தனையோ மறந்துவிட்டாள்; அவர் எழுந்து போய் உப்பைக் கொட்டியதை மறக்கவில்லை.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

அம்மா குரோம்பேட்டையில் உமா அக்காவோடு இருந்தாள். ஒரு பிப்ரவரியில் வயிற்று வலி என்று போனதில் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்யும் கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டது. டாக்டர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அக்காவிடம் சொன்னார். அக்கா எனக்குப் போன் செய்தாள். அம்மாவுக்கு அல்சர் என்று சொல்லிவிடுவது என்று அந்த ஒரு போனிலேயே முடிவாகிவிட்டது. நாங்கள் யோசித்து எடுத்த முடிவுகூட இல்லை அது. நம் வீடுகளில் இப்படித்தான் செய்வோம். "அம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே படுத்துடுவாங்கடா. நீ வாயே திறக்காத" என்றாள் அக்கா. கீமோ கொடுத்ததை அல்சருக்கு மருந்து ஏற்றுகிறார்கள் என்றோம். முடி கொட்டியதை மருந்துச் சூடு என்றோம். அக்கா ரிப்போர்ட்டுகளை மாமியார் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். நான் தினமும் காலையில் மலையைத் தாண்டி ஃப்ரீவேயில் வேலைக்குப் போகும்போது காரிலிருந்தே அம்மாவோடு பேசி, "அல்சர் எப்படி இருக்கு?" என்று விசாரித்தேன். நன்றாகவே நடித்தேன்.

ஜூன் மாதம் ஸ்கேன் மோசமாக வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க சர்க்கிள்ல ஏதாவது பண்ண முடியுமா ஆன்ட்டி? நான் இதெல்லாம் நம்பறவன் இல்ல. இருந்தாலும்..."

"இருந்தாலும்னு சொல்றவங்கதான் இங்க வர்றாங்க" என்றார், சிரிக்காமல். பிறகு, நான் எதிர்பார்த்திருக்க வேண்டிய அந்தக் கேள்வி வந்தது. "அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்கறது? அவங்களுக்கு வியாதி என்னன்னே தெரியாதே."

"அப்ப என்னால முடியாது."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நான் யாரையும் பிரிக்கச் சொல்லல ஆன்ட்டி. எங்கம்மாவுக்குக் குணமாகணும்னு ஒரு மெழுகுவத்தி ஏத்தச் சொல்றேன். நல்லது பண்றதுக்கு எதுக்குப் பர்மிஷன்?"

"அது உங்க அம்மாவோட உடம்பு. ஏற்கெனவே அவங்களுக்குத் தெரியாம அதுக்குள்ள ஒண்ணு இருக்கு. அவங்களுக்குத் தெரியாம நானும் இன்னொண்ணை அனுப்பணுமா?"

"இதெல்லாம் வெறும் பேச்சு."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? கேக்கறீங்களா?"

அப்போதும் அனுமதி! பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.

"சர்க்கிள்ல சேர்ந்த புதுசு. என் ஹஸ்பண்ட் என்னை விட்டுப் போறேன்னு சொல்லிட்டு இருந்தார். நான் அவருக்குத் தெரியாம ஒண்ணு பண்ணேன். அவர் போகக் கூடாதுன்னு. அவர் போகல. மூணு வருஷம் இருந்தார்." அவர் மேசையிலிருந்த உப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். "அது வேலை செஞ்சதா, தானா நடந்ததா, எனக்குத் தெரியாது. ஆனா தினம் சாப்பிட உக்காரும்போது எதிர்ல இருக்கறது அவரா, நான் கட்டிப்போட்டு வெச்ச ஆளான்னு தெரியல. அவர் சிரிச்சாகூட நம்ப முடியல. கடைசியில நானே அவர்கிட்ட சொல்லி, போங்கன்னு அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் யாரையும் கேக்காம நான் எதுவும் பண்றதில்ல. நல்லதுகூட."

அது என் கதை இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கதவைச் சாத்திய சத்தம் எனக்கே அதிகமாகப் பட்டது. எங்கம்மா செத்துக்கொண்டிருக்கிறாள், இவருக்குத் தன் சுத்தம்தான் பெரிது என்று என் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அதை இன்றைக்கும் முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன்.

பத்து நாள் பொறுத்தேன். பிறகு எனக்கு ஒரு சாமர்த்தியம் தோன்றியது. அம்மாவிடம் வியாதியைச் சொல்லாமலே அனுமதி மட்டும் வாங்கிவிடலாம் அல்லவா? இங்கே ஒருத்தர் உனக்காகப் பூஜை செய்யட்டுமா என்றால் எந்தத் தமிழ் அம்மா வேண்டாம் என்பாள்? ஒரு சனிக்கிழமை காலை, மனைவி மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போயிருந்தாள். குரோம்பேட்டையில் சாயங்காலம் முடிந்துகொண்டிருந்தது. அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். வீடியோ காலில் அம்மா மெலிந்து, பெரிய கண்ணோடு தெரிந்தாள்.

"அம்மா, இங்க எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க இருக்காங்க. உனக்காக ஒரு பூஜை மாதிரி பண்றேங்கறாங்க. பண்ணலாமா?"

"எனக்கு எதுக்குடா?"

"உடம்பு சரியாகணும்னுதான்."

"அல்சருக்கு யாராவது அமெரிக்காவுல பூஜை பண்ணுவாங்களா?"

நான் சிரித்திருக்கலாம். ஆமாம்மா, இங்கே எல்லாத்துக்கும் பண்ணுவாங்க என்று சொல்லியிருக்கலாம். நான்கு மாதமாக அதைவிடக் கஷ்டமான பொய்களைச் சொல்லியிருந்தேன். ஆனால் அனுமதி கேட்டு உட்கார்ந்துவிட்டு, எதற்கு என்று அவள் கேட்கும்போது பொய் சொல்ல வாய் வரவில்லை. கேள்வி கேட்பவன் பதிலும் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. சொல்லிவிட்டேன். அல்சர் இல்லம்மா, கேன்சர் என்றேன்.

அம்மா அழவில்லை.

"உமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மாப்பிள்ளைக்கு?"

"தெரியும்மா."

"அந்த நர்ஸ் பொண்ணுங்களுக்கு?"

"அவங்களுக்கும் தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

நான் அழுதுகொண்டிருந்தேன். எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்பாள், ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது அதுவல்ல.

"அல்சர்னு சொல்லித்தானேடா காபியை நிறுத்தினீங்க? காரத்தை நிறுத்தினீங்க? நாலு மாசமா மோர் சாதமும் இட்லியுமா முழுங்கிட்டு இருக்கேன். காலைல உமா டிகாஷன் போடற வாசனை வரும்போது போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்குவேன். அந்த அல்சரே எனக்கு இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப நான் குடிச்சிருக்கலாம்."

அம்மா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அலமாரியில் சாய்த்து வைத்தாள். எனக்குப் பாதிச் சுவரும் மின்விசிறியும்தான் தெரிந்தன. பாத்திரச் சத்தம் கேட்டது. பால் பொங்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, "போனை வெச்சுடட்டுமாடா?" என்ற குரல் கேட்டது. பூஜைக்கு என்ன சொல்ல என்று நான் ஞாபகப்படுத்தினேன். "வேண்டாம்னு சொல்லு. என்னைக் கேட்டாங்கல்ல, அதுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லு" என்றாள்.

நாலு வீடு நடந்துபோய்ச் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொன்னாலும் கொஞ்சம் செய்துவிடுவார் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அவர் செய்யமாட்டார் என்று எனக்கே தெரியும்.

அடுத்த வாரம் அம்மா கீமோவுக்குப் போகமாட்டேன் என்றுவிட்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. ஒன்பது வாரம் இருந்தாள். காபி குடித்தாள், நார்த்தங்காய் ஊறுகாய் சாப்பிட்டாள், திருச்செந்தூருக்கு வண்டி வைத்துக் கூட்டிப்போகச் சொல்லிக் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசி இரண்டு வாரம் நான் கூட இருந்தேன். அந்த இரண்டு வாரமும் நிம்மதியாகக் கழிந்தது என்று சொன்னால் பொய். வலியில் கத்தினாள். பயமாக இருக்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காதோ என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். சிகிச்சையைத் தொடர்ந்திருந்தால் இன்னும் நாலைந்து மாதம் கிடைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். காரியம் முடிந்த அன்று அக்கா என்னிடம், "நீ போன்ல கேட்ட ஒரு கேள்விதான்டா அம்மாவைக் கொன்னுச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. இன்றுவரை இல்லை.

அக்டோபர் கடைசியில், தெருவெல்லாம் வாசலில் பூசணிக்காய் வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது வேஷம் போட்டு மிட்டாய் வாங்கும் நாள். அவருடைய சர்க்கிளுக்கு இறந்தவர்களை நினைக்கும் நாள். வெயில் சாயாத மூன்று மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கூடத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து, வரிசையாக யார் யாருடைய புகைப்படங்களோ, ஒவ்வொன்றின் முன்னாலும் ஏற்றாத ஒரு மெழுகுவத்தி. சாயங்காலம் கூடும்போது அந்தப் பெயர்களைச் சொல்லி ஏற்றுவார்களாம்.

"நீங்க அன்னிக்கு சும்மா ஒரு மெழுகுவத்தி ஏத்தியிருந்தா, எங்கக்கா இன்னிக்கு என்கூடப் பேசிட்டு இருப்பா" என்றேன். "அம்மாவும் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க."

"ஆமா" என்றார்.

சமாதானம் சொல்வார், அம்மாவுக்கு உரிமை இருக்கிறது என்று ஏதாவது பேசுவார், நான் அதைப் பிடித்துக்கொண்டு கத்தலாம் என்று வந்திருந்தேன். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. என் சண்டைக்கு எதிர்ப்பக்கமே இல்லாமல் போயிற்று. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்சம் கழித்து அவர் கேட்டார். "உங்க அம்மா பேரை இன்னிக்குச் சொல்லலாமா? ஒரு விளக்கு வைக்கலாமா? அவங்ககிட்ட இனிமே கேக்க முடியாது. அதனால உங்ககிட்ட கேக்கறேன்."

எனக்கு ஆம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அம்மா மறுத்தது குணமாக்கும் பூஜையைத்தான், இது வேறு, பேரைச் சொல்லி ஒரு விளக்கு வைப்பதில் என்ன வந்துவிடப் போகிறது? யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அம்மா இந்த மனுஷிக்குச் சொல்லி அனுப்பியது ஒரே ஒரு பதில். தன்னைக் கேட்டார்கள் என்பதற்காக நன்றி சொல்லி அனுப்பிய பதில். அவள் இல்லாத நேரம் பார்த்து அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அம்மா வேண்டாம்னு சொன்னாங்க" என்றேன்.

அவர் தலையசைத்தார். கையில் எடுத்திருந்த புது மெழுகுவத்தியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். மேசையில் மற்றவர்களின் புகைப்படங்கள் இருந்தன, எங்கம்மாவுக்கு இடமில்லை, அந்த இடமில்லாமை அம்மாவே சொல்லி நடந்தது. அதை நினைத்ததும், குரோம்பேட்டையில் அழாத அழுகையெல்லாம் எனக்கு அங்கே வந்தது. நாற்பத்தாறு வயது ஆள், அடுத்தவர் வீட்டு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதேன்.

என் தோளில் யாராவது கை வைப்பார்கள் என்று காத்திருந்தேன். கை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டடி தள்ளி, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

"நான் இங்க இருக்கலாமா?" என்றார். "இல்ல, உள்ள போயிடட்டுமா?"

"இருங்க" என்றேன்.